எட்டு அங்குலக் கல்லுக்கு 100 கிலோமீட்டர்: செட்டிநாட்டு வீட்டில் சுபுதையின் படைவழி

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில், சனிக்கிழமை காலைகளில், தரையையே வரைபடமாக்கி மங்கோலியத் தளபதி சுபுதையின் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. மதியச் சாப்பாட்டோடு தலைக்கு 900 ரூபாய். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் போகலாம். செங்கிஸ் கானைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதியிருக்கிறார்கள். அவருக்காகவும் அவர் மகனுக்காகவும் பேரனுக்காகவும் படை நடத்திய சுபுதையைப் பற்றி நான்கு மணி நேரம் உருப்படியாகக் கேட்க வேறு இடம் கிடைப்பது அரிது. குறைகளும் உண்டு. சில இடங்களில் கட்டுக்கதையை வரலாறாகச் சொல்கிறார்கள். ஒரு முக்கியமான முற்றுகையை ஓட்டமாக ஓட்டிவிடுகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தரை. கூடத்தில் பதித்திருப்பது எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல். ஒரு கல் 100 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீளுபவை. இந்தக் கூடமும் அப்படித்தான். அதனால் வரைபடத்தின் கிழக்கு நிஜமான கிழக்கிலேயே விழுகிறது. கிழக்குப் பக்கத்தில் மங்கோலியத் தலைநகர் கராகோரம். அங்கிருந்து பத்துக் கல் கிழக்கே, பதினான்கு கல் தெற்கே, வட சீனாவை ஆண்ட ஜின் அரசின் கைஃபெங். மேற்குக் கோடியில், 1241-இல் போர் நடந்த அங்கேரியின் மோகி சமவெளி. மொத்தத்துக்கும் சுமார் 50 அடி நீளமும் 20 அடி அகலமும் வேண்டும். கூடத்தின் ஒரு தூண் ஏரல் கடல் பக்கம் வந்து நிற்கிறது. அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

கராகோரத்திலிருந்து மோகி வரை தரையில் எண்ணினால் 61 கல்லுக்குச் சற்று மேலே வருகிறது. பூமியின் வளைவோடு நேர்தூரம் பார்த்தால் சுமார் 5,800 கிலோமீட்டர்தான், அதாவது 58 கல். உருண்டையைத் தட்டையாக்கினால் வரும் வித்தியாசம் இது. நடத்துகிறவர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அதற்காகவே ஒரு பாராட்டு. பள்ளி வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்து பழகியவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

ஆறுகளுக்கு நீலப் பொடி, படை போன வழிக்குச் சிவப்பு நூல், ஊர்களுக்கு மரக்குடுவை. பனிக்காலம் வரும்போது நீலக்கோட்டின் மேல் வெள்ளைக் கோலமாவைத் தூவி உறைந்த ஆறு என்று காட்டுகிறார்கள். 1237 டிசம்பர் தொடங்கி 1238 வசந்தம் வரை ரஷ்ய நிலத்தில் நடந்த படையெடுப்பை விளக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. காடு அடர்ந்த அந்த நிலத்தில் குதிரைப்படைக்கு ஓடவே இடமில்லை. ஆறு உறைந்ததும் அதுவே ராஜபாட்டை ஆகிவிடுகிறது. ரியாசான் 1237 டிசம்பர் 21 அன்று விழுந்தது. பிப்ரவரியில் விளாதிமிர். மார்ச் 4 அன்று சித் ஆற்றங்கரையில் விளாதிமிரின் யூரி இளவரசர் கொல்லப்பட்டார். அடுத்து நோவ்கோரோத்தை நோக்கிப் போன படை, ஊருக்குச் சுமார் 100 கிலோமீட்டர் முன்னால் திரும்பிவிட்டது. தரையில் அது ஒரே ஒரு கல். நடத்துகிறவர் அந்த ஒரு கல்லுக்கு முன்னால் நின்று, ஆற்றின் மேலிருந்த வெள்ளை மாவை விசிறியால் மெதுவாகத் தள்ளிவிடுகிறார். அடியிலிருந்து நீலம் தெரிகிறது. பனி உருகிச் சதுப்பு நிலம் வாய் திறக்கும் நேரம் அது. ஏன் திரும்பினார்கள் என்று அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, தேவையும் இல்லை. திரும்பும் வழியில் கோசெல்ஸ்க் என்ற சின்ன ஊர் ஏழு வாரம் எதிர்த்து நின்றதையும் விடாமல் சொல்கிறார்.

படைகளைக் காட்டும் முறை இது: ஒரு குன்றிமணி 1,000 குதிரை வீரர்கள். பக்கத்தில் மூன்று புளியங்கொட்டை வைத்தால் அவர்களுடைய 3,000 குதிரைகள். மங்கோலிய வீரன் ஒருவன் மூன்று முதல் ஐந்து குதிரைகளோடு போவான் என்பதால், குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரிகளுக்குச் சோழி. எல்லாமே பனையோலைக் கொட்டான்களில் இருக்கின்றன. பத்துக் குன்றிமணி கொண்ட ஒரு கொட்டான் ஒரு துமன், அதாவது 10,000 பேர். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று பத்தின் மடங்காகக் கட்டிய படை என்பதால் எண்ணுவதற்கு மிகவும் வசதி.

இதில் இரண்டு திருத்தம் வேண்டும். துமன் என்பது பெயரளவில்தான் 10,000. களத்தில் பெரும்பாலும் அதற்குக் குறைவாகத்தான் இருந்தது. எல்லாக் கொட்டானையும் நிரப்பி வைப்பதால் மோகியில் மங்கோலியப் படை பூதாகாரமாகத் தெரிகிறது. ஆறு ஏழு மணி போட்டால் போதும். இரண்டாவது, குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகுதான். ஆனால் அதன் உள்ளே இருப்பது கொடிய விஷம். ஓடு உடையாமல் விழுங்கினால் தப்பிக்கலாம், கடித்துவிட்டால் ஒன்றே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. ஐந்தாறு வயசுப் பிள்ளைகள் தரையில் தவழ்ந்து விளையாடும் இடத்தில் இதைக் கொட்டி வைப்பது தப்பு. மஞ்சாடி விதைக்கு மாற்றிவிடலாம், நிறமும் அதே சிவப்புதான். மாற்றும்வரை, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இந்த நிகழ்ச்சியின் உயிர்நாடி புல் கணக்கு. ஸ்டெப்பி என்னும் புல்வெளி நிலத்துக் கல் ஒவ்வொன்றிலும் ஆறு நெல்மணி, காட்டுக் கல்லில் ஒன்று, பாலையில் ஒன்றுமில்லை. ஒரு சுற்று என்பது பத்து நாள். ஒரு துமனின் குதிரைகள் சுற்றுக்கு ஒரு நெல் தின்னும். நெல் தீர்ந்தால் படை நகர்ந்தே ஆக வேண்டும். வந்தவர்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு துமனைக் கொடுத்து, எல்லாரும் ஒரே வழியில் போய்ப் பாருங்கள் என்கிறார்கள். மூன்றாவது சுற்றிலேயே பின்னால் வருகிறவருக்குப் புல் இல்லை. பிறகு பிரிந்து நான்கு வழியில் போகச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் தீனி கிடைக்கிறது. ஆனால் குறித்த நாளில் ஒரே இடத்தில் சேர்வது பெரும்பாடாகிவிடுகிறது. சுபுதையின் மேதைமை எங்கே இருந்தது என்பது இந்தப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். வாள்வீச்சு இல்லை, வீரவசனம் இல்லை. பிரிந்து போகாவிட்டால் குதிரை சாகும், பிரிந்து போனால் படை தோற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நாளையும் தூரத்தையும் கணக்குப் போட்டவர் அவர்.

ஆனால் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ஒரு கல் என்பது 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர், மொத்தம் 10,000 சதுர கிலோமீட்டர். சுமார் 300 கிலோ எடையுள்ள மங்கோலியக் குதிரைக்கு நாளுக்கு ஆறு ஏழு கிலோ காய்ந்த புல் வேண்டும். ஆறு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு துமனுக்கு 60,000 குதிரை; நாளுக்கு 360 டன், பத்து நாளைக்கு 3,600 டன். வறண்ட மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு அரை டன் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் 72 சதுர கிலோமீட்டர் போதும். 10,000-த்தில் 72. ஆக, ஒரு கல்லின் புல் அவ்வளவு சீக்கிரம் தீராது. உண்மையான நெருக்கடி வேறு. குதிரை மேயப் போன இடத்திலிருந்து தண்ணீருக்குத் திரும்ப வேண்டும், இரவுக்குள் முகாமுக்கு வர வேண்டும், எதிரி பக்கத்தில் இருந்தால் தூரமாகச் சிதறவும் முடியாது. படை போகும் வழியின் இரு பக்கமும் ஒரு குறுகிய பட்டைதான் பயன்படும். முன்னால் போன படை அதைத் தின்றுவிட்டால் பின்னால் வருகிற படை பட்டினி. எனவே நெல்லைக் கல் முழுவதற்கும் வைக்காமல், ஆற்றுக் கோட்டை ஒட்டிய கற்களில் மட்டும் வைத்தால் விதியும் சரியாகும், விளையாட்டும் கூர்மையாகும். முடிவு மாறாது. காரணம் சரியாக விளங்கும்.

வாழ்க்கைக் கதையைத் தொடங்கும் இடம் நன்றாக இருக்கிறது. உரியாங்காய் குலத்தின் கிழவர் ஜர்சியுதாய், முதுகில் கொல்லன் துருத்தியோடு மலையிலிருந்து இறங்கி வந்து, தன் மகன் ஜெல்மேயைத் தெமுஜினிடம், அதாவது பின்னாள் செங்கிஸ் கானிடம், ஒப்படைத்த காட்சி. மங்கோலியரின் ரகசிய வரலாறு என்ற 13-ஆம் நூற்றாண்டு நூலில் வருவது அது. அந்த ஜெல்மேயின் தம்பியாகத்தான் அந்நூல் சுபுதையைக் காட்டுகிறது. பிறந்தது சுமார் 1175. பட்டத்து வழியும் இல்லை, இளவரசர் ரத்தமும் இல்லை. 1206-இல் தெமுஜின் செங்கிஸ் கான் ஆனபோது, ஆயிரம் பேருக்குத் தலைவர்களாக நியமிக்கப்பட்டவர்களில் சுபுதையும் ஒருவர். ஜெபே, குபிலாய், ஜெல்மே, சுபுதை நால்வரையும் செங்கிஸ் கானின் நான்கு வேட்டைநாய்கள் என்று எதிரிப் பக்கம் நின்ற ஜமுகாவே வர்ணித்தார். இந்தக் குபிலாய் பின்னாளில் சீனாவை ஆண்ட குப்லாய் கான் இல்லை. நடத்துகிறவர் அதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்வது நல்லது, ஏனென்றால் கேட்கிறவர்களில் பாதிப்பேர் அங்கேதான் குழம்புகிறார்கள்.

மெர்கிட் என்ற எதிரிக் குலத்தாரைத் துரத்திய கதையில் ஒரு தந்திரம் வருகிறது. முன்னால் அனுப்பிய நூறு வீரர்கள் பிள்ளைகளின் தொட்டில் சாமான்களைக் கொண்டுபோய், தங்கிய இடமெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டும். பார்க்கிறவர்கள் இது குடும்பத்தோடு ஓடிப்போகிற அகதிக்கூட்டம் என்று நினைத்து அலட்சியமாக இருப்பார்கள். இதைச் சொல்லும்போது நிஜமாகவே ஒரு பழைய மரத்தொட்டில் கட்டையைத் தரையில் வைக்கிறார்கள். மனசில் நிற்கிறது.

அதே இடத்தில்தான் முதல் கட்டுக்கதையும் நுழைகிறது. துரத்திப் போகும்போது செங்கிஸ் கான் சுபுதைக்கு இரும்பு வண்டி கொடுத்ததாக ரகசிய வரலாறு சொல்வது உண்மை. அதை எடுத்துக்கொண்டு, "அவர் அவ்வளவு குண்டு, குதிரை தாங்காது, அதனால் வண்டி" என்று இவர்கள் சொல்கிறார்கள். அந்த நூலில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. கரடுமுரடான மலைவழியில் நெடுந்தூரம் போய்வர உறுதியான வண்டி கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சுவரில் மாட்டிய போஸ்டரில் 32 நாடுகள், 65 போர்கள் என்று போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. சுபுதையின் வாழ்க்கையில் நடந்தவையே போதுமான பிரமிப்பைத் தரக்கூடியவை; ஜோடித்த எண் தேவையே இல்லை.

1220-இல் மத்திய ஆசியாவின் குவாரசமியா அரசின் சுல்தான் முகமதுவைத் துரத்திக்கொண்டு ஜெபேயும் சுபுதையும் புறப்பட்டதிலிருந்து 1223 வரையிலான நீண்ட சுற்று, நிகழ்ச்சியின் சிறந்த பகுதிகளில் ஒன்று. சிவப்பு நூலை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காஸ்பியன் கடலைச் சுற்றி நடக்கிறார். சுல்தான் காஸ்பியன் கடலில் ஒரு தீவில் ஒளிந்து அங்கேயே இறந்துபோகிறார். படை முகான் சமவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அங்கே புல் உண்டு என்பது நெல்மணியிலேயே தெரிகிறது. ஜார்ஜியாவின் அரசர் நான்காம் ஜார்ஜ் தோற்கிறார். காக்கசஸ் மலையைத் தாண்டினால் ஆலன், கிப்சாக் என்ற இரண்டு இனத்தாரும் சேர்ந்து எதிர்த்து நிற்கிறார்கள். கிப்சாக்குகளுக்கு நயமாகப் பேசிப் பங்கு கொடுத்துப் பிரித்துவிட்டு ஆலன்களை முடித்து, பிறகு அந்தக் கிப்சாக்குகளையே அடித்தார்கள். அங்கிருந்து கிரிமியாவின் சுதாக் துறைமுகம். 1223 மே 31 அன்று கல்கா ஆறு. ரஷ்ய இளவரசர்களும் கிப்சாக்குகளும் சேர்ந்த படையை ஒன்பது நாள் பின்வாங்கிப் பின்வாங்கி இழுத்துச் சென்று அடித்த போர். சோழிகளை ஒரே குவியலாக வைத்துத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு நாளும் வேகமானவை முன்னே, மெதுவானவை பின்னே என்று நகர்த்தினால், ஒன்பதாவது நாள் குவியல் நீண்ட வரிசையாகிவிடுகிறது. கல்காவில் சுபுதை அடித்தது அந்த வரிசையின் தலையை மட்டுமே. முன்னால் நின்றவர்கள் உடைந்து ஓடியபோது பின்னால் வந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். சரணடைந்த கீவ் இளவரசர் எம்ஸ்திஸ்லாவையும் மற்றவர்களையும் பலகைக்கு அடியில் போட்டு, மேலே உட்கார்ந்து விருந்துண்டு நசுக்கிக் கொன்றதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். அதே ஆண்டில் வோல்கா பல்கர்களிடம் இந்தப் படை அடிவாங்கியதையும் சேர்த்திருக்கலாம். தோல்வியைச் சொன்னால் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

நடுவில் பதினொரு மணிக்கு ஒரு இடைவேளை. காப்பியோடு இரண்டு தட்டு வருகிறது. ஒன்றில் நம்ம ஊர் உப்புக்கண்டம். இன்னொன்றில், மங்கோலியர்கள் போர்ட்ஸ் என்று சொல்லும் உப்பில்லாத காய்ந்த கறியை எப்படிச் செய்வார்கள் என்று காட்ட ஒரு மாதிரித் துண்டு; அது பார்க்க மட்டும், தின்பதற்கு இல்லை. விளக்கம் சொல்வது சமையல்கட்டிலிருந்து வரும் ஆச்சி. ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "ஆச்சி, உப்பே போடாம எப்படிக் கெடாம இருக்கும்?" ஆச்சி சொன்ன பதில்: "அங்க குளிர்லயே கறி உறைஞ்சு காஞ்சிரும் தம்பி. இங்க உப்பும் மஞ்சளும் போடலைன்னா அன்னிக்குச் சாயங்காலமே ஈ மொய்ச்சுப்போகும்."

அது முற்றிலும் சரி. உப்புக்கண்டத்துக்கு எலும்பில்லாத ஆட்டுக்கறியை விரல் பருமனில் நீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், அரைத்த பூண்டு பிசறி, நூலில் கோத்துக் கடும் வெயிலில் நான்கைந்து நாள் காய வைக்கிறோம். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், வெயில் அதைக் காய்க்கும். துண்டு தடிப்பாக இருந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கி நாறிவிடும். அதனால்தான் விரல் பருமனைத் தாண்டக் கூடாது. மங்கோலியாவில் குளிர்காலத் தொடக்கத்தில் மாட்டை அடித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிப்பில் பட்டையாக அரிந்து, கூடாரத்தின் உள்கூரையில் காற்றாடக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு மாதத்தில் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். இடித்துத் தூளாக்கினால் ஒரு மாட்டின் கறி அதன் வயிற்றுப் பைக்குள்ளேயே அடங்கிவிடும். கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தானே. வெந்நீரில் ஒரு பிடி போட்டால் கஞ்சி தயார். சமையல் வண்டிகளும் மாவு மூட்டைகளும் இல்லாமல் ஒரு படை இத்தனை தூரம் எப்படிப் போனது என்ற கேள்விக்கு, இந்தத் துண்டும் பால் கொடுக்கும் பெட்டைக்குதிரைகளும் சேர்ந்துதான் பதில். காய்ந்த தயிர்க்கட்டியையும் ஒரு துண்டு வைத்திருந்தால் இந்தப் பகுதி முழுமையாகியிருக்கும்.

இடைவேளைக்குப் பிறகு ஜின் அரசின் மேல் நடந்த போர். இதுதான் நிகழ்ச்சியின் பெரிய பலவீனம். செங்கிஸ் கானின் மகன் டொலுய் தெற்கே சுற்றிப் போனபோது சுபுதை உடனிருந்தார். நகரத்து ஆட்களுக்குக் கஷ்டம் தாங்காது, அலைக்கழித்துச் சோர வைத்தால் பிறகு அடிப்பது சுலபம் என்று டொலுய்க்கு யோசனை சொன்னவர் அவர். 1232 பிப்ரவரியில் சான்ஃபெங் மலையில், பனிப்பொழிவில் உறைந்துபோன ஜின் படையை அப்படித்தான் முடித்தார்கள். இது வரைக்கும் சரியாகச் சொல்கிறார்கள். பிறகு கைஃபெங் முற்றுகை பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய ஓராண்டு இழுத்த முற்றுகை அது. உள்ளே இருந்தவர்கள் இரும்பு ஓட்டுக்குள் வெடிமருந்து அடைத்த குண்டுகளை மேலிருந்து போட்டார்கள். மங்கோலியர்களைக் கலங்கடித்த ஆயுதம் அது. நகருக்குள் கொள்ளைநோய் பரவிப் பெருந்திரளான மக்கள் மாண்டார்கள். பேரரசர் தப்பி ஓடினார். 1233-இல் நகரம் பணிந்தபோது, எதிர்த்து நின்ற ஊரை வழக்கப்படி வெட்டித் தள்ள அனுமதி கேட்டவர் சுபுதைதான். செங்கிஸ் கானுக்குப் பின் ஆண்ட மகன் ஒகோடி கானிடம் வாதாடி அதைத் தடுத்தவர் அமைச்சர் யெலு சுட்சாய். மக்களும் கைவினைஞர்களும் செத்துவிட்டால் வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவருடைய வாதம்.

சுபுதையைக் கணக்கில் மேதையாகக் காட்டிவிட்டு, அந்தக் கணக்கில் மனித உயிருக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. புல்லுக்கு நெல்மணி வைக்கிறார்கள், குதிரைக்குப் புளியங்கொட்டை வைக்கிறார்கள், முற்றுகைக்குள் சிக்கிய மக்களுக்கு மட்டும் தரையில் எதுவுமே இல்லை. கைஃபெங் கல்லைச் சுற்றி ஒரு நூல் வளையம், உள்ளே ஒரு படி அரிசி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிடி எடுப்பது என்று வைத்தாலே போதும். கூடுதலாக இருபது நிமிடம் ஆகும். மேற்கே சுல்தானைத் துரத்துவதில் பத்து நிமிடம் குறைத்து, போஸ்டர் படிப்பதை நிறுத்தினால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

மோகியைச் சொல்லும் விதம் அபாரம். பெரிய வரைபடத்தில் அது ஒரு கல்லுக்குள் ஒரு புள்ளி என்பதால், எல்லாரையும் வளவுக்கு அழைத்துப் போய் வேறு அளவில் தனியாகப் போட்டிருக்கிறார்கள். நீலக் கயிறு சாயோ ஆறு, குறுக்கே ஒரு பலகை பாலம், ஏழு கொட்டைப்பாக்கு ஏழு கல்லெறி எந்திரம். 1241 ஏப்ரல் 10 இரவு, அங்கேரிய மன்னர் நான்காம் பேலாவின் தம்பி கால்மானும் பேராயர் உக்ரினும் பாலத்துக்கு வந்து, கடந்துகொண்டிருந்த மங்கோலிய முன்னணியை அடித்து விரட்டினார்கள். ஜெயித்தாயிற்று என்று காவலை மட்டும் நிறுத்திவிட்டு முகாமுக்குத் திரும்பினார்கள். விடியும் நேரத்தில் ஏழு எந்திரமும் சேர்ந்து காவலைத் துரத்த, செங்கிஸ் கானின் பேரன் படு கானின் படை பாலத்தைக் கடந்தது. சுபுதையோ கீழ்நீரோட்டத்தில் தனியாகப் பாலம் கட்டிக் கடந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரை படு கானின் படைதான் மொத்த அடியையும் வாங்கியது. கவச வீரர் முப்பது பேரும் ஒரு துணைத்தளபதியும் விழுந்தார்கள்.

படு கான் பின்வாங்கலாம் என்று நினைத்தபோது, நீங்கள் திரும்புவதானால் திரும்புங்கள், தன்யூப் ஆற்றை எட்டாமல் நான் திரும்ப மாட்டேன் என்று சுபுதை சொன்னதாக யுவான் அரசமரபின் சீன வரலாறு பதிந்திருக்கிறது. போருக்குப் பிறகு, நீ தாமதித்ததால்தான் என் ஆட்கள் செத்தார்கள் என்று படு கான் குறைப்பட்டார். உங்கள் பக்கம் தண்ணீர் ஆழமில்லை, பாலமும் இருந்தது. என் பக்கம் ஆழம், பாலம் கட்டி முடியவில்லை, அதை நினைத்துப் பாருங்கள் என்று அறுபத்தாறு வயசுக்காரர் நேருக்கு நேர் பதில் சொன்னார். கானின் பேரனிடம் கொல்லன் வீட்டுப் பிள்ளை பேசிய பேச்சு. பின்னொரு விருந்தில், அன்று கிடைத்ததெல்லாம் சுபுதையால் கிடைத்தது என்று படு கானே ஒத்துக்கொண்டார். இந்த வாக்குவாதத்தை இருவர் நின்று நடித்துக் காட்டுகிறார்கள். ஒருவர் ஆழமான பக்கத்தில் கயிற்றைத் தாண்ட முடியாமல் நிற்பதே பாதி விளக்கம்.

சுற்றி வளைத்த பிறகு மேற்குப் பக்கம் வேண்டுமென்றே ஒரு வழி விட்டதையும், அதில் தப்பி ஓடியவர்களைத் துரத்தித் துரத்திக் கொன்றதையும் சோழிகளால் காட்டுகிறார்கள். முகாமில் வண்டிகளை நெருக்கிக் கட்டிக் கூடாரக் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்ததால் அங்கேரியர்கள் உள்ளேயே முட்டிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். எத்தனையோ புத்தகங்களில் விட்டுப்போகும் விவரம் அது.

இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 9 அன்று, போலந்தின் லெக்னிட்சாவில் இன்னொரு மங்கோலியப் படை சிலேசியப் பிரபு இரண்டாம் ஹென்றியைக் கொன்றிருந்தது. அங்கிருந்து மோகிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ஐந்து கல். "குதிரைத் தூதர்கள் செய்தி கொண்டுபோனார்கள்" என்று இவர்கள் சொல்வது ஒத்துவராது. அஞ்சல் நிலையங்களே இல்லாத எதிரி நாட்டில், கார்பேத்திய மலையைத் தாண்டி, இரண்டு நாளில் ஒரு செய்தி வந்து அதை வைத்துப் போர் தொடங்கியது என்பது நடக்கிற காரியமில்லை. மாதக்கணக்கில் முன்னாலேயே நாளும் வேலையும் பிரித்துக்கொடுத்திருந்தார்கள் என்பதே பொருத்தம். தங்கள் தரையில் ஐந்து கல்லை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும்.

1242-இல் ஏன் திரும்பினார்கள் என்பதற்கு ஒகோடி கான் 1241 டிசம்பர் 11 அன்று இறந்ததை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது ஒரு காரணமாக இருக்கலாம். அங்கேரியின் புல்வெளி இத்தனை குதிரைக்குப் போதாது என்ற வாதமும், கற்கோட்டைகள் விழவில்லை என்ற வாதமும் இருக்கின்றன. மர வளையங்களை வைத்துச் செய்த ஆய்வு, 1242 தொடக்கம் குளிரும் ஈரமுமாக இருந்து சமவெளி சதுப்பானதைக் காட்டுகிறது. புல் கணக்கை இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தவர்கள், அது மிகவும் தேவைப்படும் இடத்தில் அதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

1248-இல் தூல் ஆற்றங்கரையில் 73 வயசில் சுபுதை இறந்ததோடு கதை நிற்கவில்லை. மகன் உரியாங்கடை 1250-களில் தென்மேற்குச் சீனாவின் தாலி என்ற அரசையும் வியட்நாமையும் தாக்கியதும், பேரன் அஜு 1268 முதல் 1273 வரை சீனாவின் சியாங்யாங் நகர முற்றுகையில் நின்றதும் கடைசி ஐந்து நிமிடத்தில் வருகிறது. அவசரமாகத்தான் வருகிறது, இருந்தாலும் பரவாயில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நிகழ்ச்சி முழுக்கத் தரையில்தான். முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டிச் சொன்னால் கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தருகிறார்கள், அங்கிருந்தே வரைபடம் முழுசாகத் தெரிகிறது. காலில் ஈரம் இல்லாமல் நுழையுங்கள். பொடிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பொடி பறக்கும் என்பதால் மின்விசிறி போடுவதில்லை, சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் கூடத்தில் புழுக்கம் தாங்காது. பருத்தித் துணியும் ஒரு விசிறியும் கையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோலமாவு நமுத்துக் கட்டி தட்டுவதால் உறைந்த ஆற்றுப் பகுதி எடுபடாது, வளவில் போடும் மோகியும் நனைந்துவிடும். மார்கழியிலிருந்து மாசிக்குள் போவது உத்தமம். மதியச் சாப்பாடு நல்ல சாப்பாடு. சைவம் வேண்டுமானால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் நூல் பிடிக்கவும் படை நகர்த்தவும் முறை வராது, அதனால் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.